சுவர் எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது? திருகோணமலையில் அதை அளப்பது ஏன் சிக்கல்

ஒரு சுவர் எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்பதைச் சொல்லும் எண்ணை 'யு பெறுமதி' என்பார்கள். உள்ளும் வெளியும் ஒரு பாகை வித்தியாசம் இருக்கையில், ஒரு சதுர மீற்றர் சுவர் வழியே எத்தனை வாற்று வெப்பம் போகிறது என்பதே அது. எண் குறையக் குறைய சுவர் நல்லது. குளிர்நாடுகளில் வீட்டுச் சூடு வெளியே போவதை அறிய உருவான கணக்கு இது. கச்சான் வீசும் மாதங்களில் 35 பாகையைத் தாண்டும் திருகோணமலையில், வெளிச்சூடு உள்ளே வருவதற்கும் அதே எண்தான்.

துறைமுகத்துக்குப் போனால் இது எளிதில் விளங்கும். கோட் பேயில் மீனவர்கள் ஐஸ் பெட்டியின் தரத்தை உருகி வடியும் தண்ணீரை வைத்தே சொல்லிவிடுவார்கள். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோயூல் வெப்பம் வேண்டும். மணிக்கு ஒரு கிலோ உருகினால், ஏறத்தாழ 93 வாற்று உள்ளே வருகிறது என்று பொருள். ரெஜிபோம் தடிப்பானால் தண்ணீர் குறையும்.

வீட்டுச் சுவருக்கு வருவோம். பூச்சைச் சேர்க்காமல் நான் கணக்கிட்டதில், 6 அங்குலத் திடமான சீமெந்துக் கல்லுக்கு யு பெறுமதி சுமார் 3.4, 9 அங்குலச் செங்கல்லுக்கு சுமார் 2.2. வெளியே 35, குளிரூட்டிய அறையில் 25 பாகை என்றால், 10 சதுர மீற்றர் சீமெந்துக் கல் சுவர் 340 வாற்றையும் செங்கல் சுவர் 220 வாற்றையும் உள்ளே விடும். வெயில் நேரே படுவது இதில் சேரவில்லை. மாதக் கடைசியில் மின்பட்டியலில்தான் அது தெரியும்.

கட்டி முடிந்த சுவரை அளக்க ஐ.எஸ்.ஓ. 9869 என்ற நியமம் இருக்கிறது. உட்சுவரில் வெப்பப் பாய்வை உணரும் தட்டொன்றை ஒட்டி, இரு பக்க வெப்பநிலையையும் குறைந்தது 72 மணித்தியாலம் பதிய வேண்டும். பிறகு சராசரிப் பாய்வை சராசரி வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். யன்னல் திறந்த எங்கள் வீடுகளில் பகலில் வெப்பம் உள்ளே வரும், இரவில் வெளியே போகும். மூன்று நாள் சராசரி வித்தியாசம் பூச்சியத்தை நெருங்கும். அதால் வகுத்தால் வரும் எண்ணை நம்ப முடியாது.

ஆகவே இரவும் பகலும் குளிரூட்டி ஓடும் அறையிலேயே அளக்க வேண்டும். வெயில் படாத வடக்குச் சுவரில் ஒட்டச் சொல்வது வழக்கம். அதுவும் இங்கே அப்படியே பொருந்தாது: ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். பெப்ரவரி, மார்ச் தேவலாம்.

இந்த எண் சொல்லாத ஒன்றும் உண்டு. வெளிச்சூடு 9 அங்குலச் செங்கல்லைக் கடந்து உள்ளே வர ஏறத்தாழ 6 மணித்தியாலம் பிடிக்கும். மாலை மூன்று மணி வெயில் படுக்கும் நேரத்தில் உட்சுவருக்கு வந்து சேரும். பிரெட்ரிக் கோட்டையின் தடித்த கற்சுவரில் பகல் இரவு ஏற்றத்தாழ்வே உள்ளே பெரிதாகத் தெரியாது. மேற்குச் சுவரோரம் கட்டில் போட்டவர்கள் யு பெறுமதியோடு இந்தத் தாமதத்தையும் கேட்டறிய வேண்டும். கூரைத் தகடு வெறுமனே காய்கிறதென்றால், சுவரை விட்டுவிட்டு முதலில் அதைக் கவனிப்பதே இலாபம்.