கற்ற இடத்தைச் சொல்லுதல்

1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். நூறாண்டு கடந்தும் அவ்வூர் தன் தொழில் வரலாற்றைக் கல்கத்தாவிலிருந்தே தொடங்குகிறது. கற்ற இடத்தை அது மறைப்பதில்லை.

மருத்துவ எழுத்திலும் அத்தகைய மரபு நமக்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், கால்வின் கட்டரின் உடற்கூற்று நூலை மொழிபெயர்ப்பென்றே வெளியிட்டார்.

இன்றோ நேர்மைக்கு அளவுகோல் வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடுவரை தண்டனையில்லை. 60ஐத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே ரத்தாகும். ஆனால் மென்பொருள் சொற்களைத்தான் ஒப்பிடுகிறது. சொல்லை மாற்றித் தனதாக்கிய பிறர் முடிவுகள் அதன் கண்ணுக்குத் தப்பலாம். அப்போது ஒரே சோதனை இரண்டு சான்றாக எண்ணப்படும். அதை நம்பித் தரப்படும் சிகிச்சை, பட்டாசு ஆலை விபத்தில் வெந்து கிடக்கும் நம்மூர்த் தொழிலாளிக்கானதாகவும் இருக்கலாம்.

ஆகவே தடுப்பு தண்டனையில் தொடங்குவதன்று. குறிப்பெடுக்கும் முதல் நாளிலேயே, யாரிடமிருந்து எடுத்தோம் என்றும் எழுத மாணவர்களைப் பழக்குவோம். கற்பது களவன்று, கற்ற இடத்தை மறைப்பதே களவு.