அச்சு அப்படியே, வில் மட்டும் வேறு

1948இல் பிரிட்டனில் தோன்றிய லேண்ட் ரோவரில், முன் அச்சை வண்டிச் சட்டத்தோடு இணைத்தவை அடுக்கடுக்கான எஃகுப் பட்டைவிற்கள். எடையைத் தாங்குவதோடு அச்சை இடம்பெயராமல் பிடிப்பதும் அவற்றின் வேலையே. பிடிப்பதற்கு விறைப்பு தேவை. விறைத்த வில்லோ பள்ளத்தில் சக்கரத்தை முழுதும் இறங்கவிடாது. தரையை அழுத்தாத சக்கரத்துக்கு உராய்வு ஏது?

1970இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவரில், ஸ்பென் கிங் தலைமையிலான பொறியாளர்கள் இவ்விரு வேலைகளையும் பிரித்தனர். எடையைத் தாங்க மென்மையான சுருள்விற்கள். முன்பின் நகராமல் அச்சைப் பிடிக்க இரு புயங்கள். பக்கவாட்டில் நகராமலிருக்கப் பனார்ட் தண்டு. ஆனால் கெட்டி அச்சைக் கைவிடவில்லை. அதுவே சாமர்த்தியம் என்பேன். சக்கரம் பாறைமீது ஏறும்போது அச்சிலுள்ள பல்லிணைப் பெட்டியும் கூடவே உயரும்; அடி தட்டாது. 1983இல் லேண்ட் ரோவர் ‘ஒன் டென்’னும் சுருள்வில்லுடன் வந்தது.