மோசடி என்னும் சொல்லும் 1840ஆம் ஆண்டுச் சட்டமும்

காணிக் கைமாற்றம் பற்றிய 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை மோசடித் தடுப்புச் சட்டம் என்றே தமிழில் வழங்குகின்றோம். அச்சட்டம் கருதிய மோசடியும் நம்மவர் பேச்சில் வழங்கும் மோசடியும் ஒன்றுதானா என்பதை நோக்குவதே இக்கட்டுரை.

'மோசம்' என்பது களவைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்தது. தமிழில் அது ஏமாற்றையும் ஏமாந்தவனின் கேட்டையும் சேர்த்தே உணர்த்துகிறது. ஒருவன் மோசம் செய்கிறான். மற்றவன் மோசம் போகிறான். நம்மூர் முதியோர் இறப்பையுங்கூட மோசம் போதல் என்பர். 'மோசடி' இதன் அடியாகப் பிறந்தது.

சங்கச் செய்யுட்களில் இச்சொல் இல்லை, பொருள் உண்டு. அகநானூற்று 256ஆம் பாட்டிலே, கள்ளூரில் ஒருத்தியின் நலனுண்டு துறந்தவன், அவளை அறியேன் எனப் பொய்ச்சூள் உரைக்கின்றான். அவையத்தார் சான்றாளரை வினவி மெய் கண்டு, அவன் தலையிலே நீறு பெய்கின்றனர். சிலப்பதிகாரத்துச் சதுக்கப்பூதம் பொய்க்கரி கூறுவோரையும் விடுவதில்லை. இங்கெல்லாம் வஞ்சனை என்பது பலரறியச் சொல் பொய்த்தலேயாகும். பெரியபுராணத்திலே ஓலை வருகிறது. ஆயினும் திருவெண்ணெய்நல்லூர் அவையினர், பிறிதோர் ஓலையின் கையெழுத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே அதனை ஏற்கின்றனர். சேக்கிழார் வழக்காடு மன்றுகளை நேரிற் கண்டவராதல் வேண்டும் என்றே தோன்றுகிறது.

1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையிலும் இக்கருத்தே நிலவுகிறது. காணி விற்போன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அறிவித்தல் வேண்டும். ஒல்லாந்தர் இதனை 3 ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயத்தில் அறிவிக்கும் முறையாக்கினர். மறைத்து விற்பதே கள்ளம்.

ஆங்கிலேயரின் கட்டளைச் சட்டம் வேறு வழி சென்றது. அதன் முன்மாதிரியான 1677ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தின் பெயரிலேயே வஞ்சனையோடு பொய்ச்சத்தியமும் இடம்பெற்றிருந்தது. வாய்மொழி உடன்பாடு ஒன்றைப் புனைந்து, கூலிச் சாட்சிகளைக் கொண்டு காணியைக் கவர்வோருக்கு அஞ்சியே அது பிறந்தது. அதனைப் பின்பற்றி இங்கும் காணி விற்பனை, ஈடு, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை ஆகியன நொத்தாரிசு முன்னிலையில், குறைந்தது 2 சாட்சிகளோடு எழுதப்பட்டாலன்றிச் செல்லா என்றாயிற்று. பொய்க்கரிக்கு இஃது ஏற்ற மருந்துதான். ஆனால் வாய்ச்சொல்லை நம்பியவன் நிலை யாது? கடன் தீர்ந்ததும் திருப்பி எழுதித் தருவேன் என்ற வாக்கை நம்பி, காணியை அறுதியாக எழுதிக் கொடுத்தவன் பலன். கடன் கொடுத்தவன் பின்னர் கைவிரித்தால், உறுதி அவன் பக்கமே நின்றது; மோசடியைத் தடுக்க வந்த சட்டமே அவனுக்குக் கேடயமாயிற்று. ஊரார் மோசடி என்பது இதனையே. சட்டமோ நெடுங்காலம் எழுத்தில்லாமையையே பெருங்குறையாகக் கண்டது.

1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் காணி பற்றி எழுத்தையும் நொத்தாரிசையும் வேண்டுகிறது. எனினும் அவ்விதிகள் மோசடியை நிறைவேற்றத் துணைபோகுமிடத்துப் பொருந்தா என்று அதன் 3ஆம் உட்பிரிவு விலக்களிக்கிறது. ஊரார் வழங்கிய பொருளில் இச்சொல் சட்டத்துள் நுழைந்தது அவ்வரியிலேயாகும்.