கோதுமை பிந்தி வந்த ஊர்

பண்டிகை நெருங்கும்போது குளூட்டன் இல்லாத குக்கீஸ் என்று ஒட்டுச்சீட்டுடன் வரும் டப்பாக்களை மேல்நாட்டுப் பழக்கம் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பாதாம் மாவு, கிரான்பெரி, எட்டாத விலை எல்லாம் சேர்ந்து அந்த எண்ணத்தைத்தான் தருகின்றன. ஜொகூரின் உள்நாட்டுப் பகுதியில், குளுவாங் மாவட்டத்தில் இருக்கும் பாலோ போன்ற ஒரு சிற்றூரை வைத்துப் பார்த்தால் வரிசை தலைகீழாகிவிடுகிறது. அங்கே பிந்தி வந்தது கோதுமை பிஸ்கட்தான். அரிசி மாவும் பயற்றம் மாவும் மரவள்ளி மாவும் அதற்கு முன்பே பண்டிகைத் தட்டில் இடம் பிடித்திருந்தன. கோதுமை அவற்றை ஓரங்கட்டியதற்கும் ருசி காரணமில்லை. ஆலையும் அடுப்பும் விலையும் சேர்ந்து செய்த வேலை அது என்பதே என் வாதம்.

ஜொகூரை ஊடறுத்துச் செல்லும் ரயில் பாதை 1909-இல் முடிந்தது. பாலோ அந்தப் பாதையில் அமைந்த நிலையம். பாதையின் இரு பக்கமும் காடு அழிந்து ரப்பர் எழுந்தது. பால்வெட்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டில் விறகடுப்பு இருந்தது, ஆட்டுக்கல்லும் உரலும் இருந்தன, வெதுப்படுப்பு கிடையாது. பலகாரத்துக்கு ஆன மாவு வீட்டிலேயே இடித்துச் சலித்த பச்சரிசி மாவும் பயற்றம் மாவும்தான். அச்சு முறுக்கு, அதிரசம், கெட்டி உருண்டை, நெய் உருண்டை எதற்கும் கோதுமை தேவைப்படவில்லை. மரவள்ளியோ அந்த மண்ணுக்கு ரப்பருக்கும் முந்திய பயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாக்காவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் சீன முதலாளிகள் ஏற்றுமதிக்காகவே அதைப் பெருமளவில் பயிரிட்டு மாவெடுத்தார்கள்.

இவற்றில் நெய் உருண்டையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாசிப்பருப்பை வாசம் வரும்வரை வறுத்து, நைசாக அரைத்து, சர்க்கரைத் தூளோடு கலந்து, நெய்யில் பொரித்த முந்திரியையும் உலர் திராட்சையையும் போட்டு, கொதிக்கும் நெய்யை ஊற்றிக் கை பொறுக்கும் சூட்டில் பிடிப்பது அதன் முறை. கொட்டையும் பழமும் கொண்டு கோதுமை இல்லாமல் செய்த இனிப்பு என்று இன்று தேடுகிறவர்கள் தேடுவது ஏறக்குறைய இதைத்தான். மலாய், நோன்யா வீடுகளில் இதற்குப் பங்காளி முறையில் இரண்டு பண்டங்கள் உண்டு. பயற்றம் மாவையும் சர்க்கரையையும் மர அச்சில் அழுத்தி உலர்த்துவது குவே கோயா. மரவள்ளி மாவைத் தேங்காய்ப்பாலும் முட்டை மஞ்சள் கருவும் சேர்த்துப் பிசைந்து சுடுவது குவே பங்கிட். இந்த மாவைப் பிசையும் முன் பாண்டான் இலையோடு வாணலியில் வறுப்பார்கள். இலை மொறுமொறுவென்று காய்ந்தால் மாவின் ஈரம் போய்விட்டது என்று கணக்கு. மூன்று பண்டங்களிலும் சூடு கண்டு ஈரம் போன பிறகுதான் பருப்போ மாவோ இனிப்பாகிறது. பிடிப்புக்கு ஒன்றில் நெய், இன்னொன்றில் அச்சின் அழுத்தம், மற்றொன்றில் முட்டையும் தேங்காய்ப்பாலும்.

மாவுத் தொழில் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. குளூட்டன் என்பது கோதுமைப் புரதம் தண்ணீர் பட்டு இழுபடும்போது உண்டாகும் வலை. ரொட்டிக்கு அந்த வலை உயிர். குக்கீஸுக்கு அது தொல்லை. பேக்கரிக்காரர் குக்கீஸ் செய்யப் புரதம் குறைந்த மாவைத் தேடுவதும், வெண்ணெயை அள்ளிப் போடுவதும், மாவை அதிகம் பிசையாதே என்று எச்சரிப்பதும் அந்த வலை உருவாகாமல் தடுக்கத்தான். கோதுமையின் தனித்திறம் மிகக் குறைவாகத் தேவைப்படும் பண்டத்தில் கோதுமையே ஆட்சி செய்கிறது என்றால், அதற்கான காரணத்தை மாவுக்கு வெளியேதான் தேட வேண்டும்.

கோதுமை இல்லாத ஓட்டுக்குள் வைக்கும் பூரணத்துக்கான பழமும் தொலைவிலிருந்து வர வேண்டியதில்லை. ரப்பர் கன்றுகள் பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை செலவைச் சமாளிக்க வரிசைகளுக்கிடையே அன்னாசி போடுவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூரில் பரவலாக இருந்த வழக்கம். 1930-களில் டின் அன்னாசி ஏற்றுமதியில் மலாயா ஹவாய்க்கு அடுத்த இடத்தில் நின்றது. இன்றும் மலேசியாவின் அன்னாசி மாநிலம் ஜொகூர்தான்; 1996-இல் வெளியான ஜோசப்பைன் என்ற ரகத்தின் பெயரிலேயே ஜொகூர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்னாசிப் பூரணத்தை நீர் வற்றச் சுருளக் கிளறினால்தான் அரிசி மாவு ஓடு தாங்கும், ஈரம் மிஞ்சினால் ஓடு இளகி உதிர்ந்துவிடும். முந்திரியைப் பொடித்து ஓட்டில் சேர்த்தால் அதன் எண்ணெயே கொஞ்சம் பிடித்து நிறுத்தும்.

ஆனால் கோதுமை இல்லாத அந்தப் பழைய காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாடுவதற்கும் இடமில்லை. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்து வாங்கியது. ஜப்பானியர் ஆட்சியில் அந்த வரத்து முறிந்ததும் தோட்டப்புறங்கள் மரவள்ளிக் கிழங்கில் உயிர் பிழைத்தன. ஆண்களில் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு எட்டக் கூடாதென்று அரிசியை அளந்து கொடுத்தார்கள். காட்டுக்குள் போகும் உணவு கெடாமல் தங்கக் கூடாதென்று, டின்னைத் துளையிட்டு விற்கும்படி கடைகளுக்கு உத்தரவிட்டார்கள். ஜொகூர் அந்தக் கெடுபிடியை மிக நீண்ட நாள் அனுபவித்த மாநிலங்களில் ஒன்று. ஜப்பானியர் காலத்து அதே ஆண்டுகளில் நெதர்லாந்தில் வேறொன்று நடந்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது, சீலியாக் என்ற குடல் நோயுள்ள சில குழந்தைகள் தேறியதைக் கவனித்த மருத்துவர் வில்லெம் டிக்கே, தாம் முன்பே ஐயுற்றிருந்த கோதுமைதான் காரணம் என்று உறுதிகொண்டு 1950-இல் ஆய்வேடாக எழுதினார். கோதுமை இல்லாமை அங்கே ஒரு நோயின் சாவியானது. மலாயாவில் மரவள்ளி பஞ்சத்தின் அடையாளமாக நின்றுவிட்டது. விடுதலைக்குப் பிறகு வெள்ளை மாவு கைக்கு எட்டியபோது அதில் ஒரு கௌரவம் தெரிந்ததற்கு இந்த நினைவும் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எட்டியதும் வேகமாகத்தான். குளுவாங்குக்கு மேற்கே, கடலோரப் பத்து பகாட்டில் ஹுப் செங் பிஸ்கட் நிறுவனம் 1958-இல் தோன்றியது. 1960-களில் சிங்கப்பூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் பெரிய மாவாலைகள் ஓடத் தொடங்கின. கோதுமை ஒரு கதிர்கூட விளையாத நாட்டில், கப்பலில் வந்த கோதுமை துறைமுகத்திலேயே மாவாகி உள்நாட்டுக் கடைகளுக்குப் போனது. பின்னாளில் ஒரு கிலோ சாதாரண மாவுப் பொட்டலத்துக்கு அரசே மானியம் தந்து விலையைக் கட்டி வைத்தது. வீடுகளுக்கு எரிவாயுவும் மின்சார வெதுப்படுப்பும் வந்தன. வறுக்க, அரைக்க, சலிக்க ஒரு நாள் பிடித்த வேலையைப் பொட்டலம் பிரித்து ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம் என்றால், பால்வெட்டி வந்து பலகாரம் செய்யும் பெண் எதைத் தேர்ந்தெடுப்பாள்? குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

நெய் உருண்டையும் குவே கோயாவும் சுட்டவை அல்லவே, அவற்றை எப்படிக் குக்கீஸ் கணக்கில் சேர்ப்பது என்று கேட்கலாம். குவே பங்கிட் ஒன்றே அதற்குப் போதுமான பதில். அது தணலில் சுட்ட பண்டம், எரிவாயு அடுப்புக்கு முந்தியது. கோதுமையும் காலனிக் காலத்திலேயே இருந்தது, துரைமார் பங்களாவில் ஆங்கிலேய பிஸ்கட் டின்னும் பட்டணங்களில் ரவையும் நெய்யும் சேர்ந்த சுகி பிஸ்கட்டும் புழங்கின என்பது இன்னொரு ஆட்சேபம். உண்மைதான். இருந்தது என்பதும் எல்லார் தட்டிலும் இருந்தது என்பதும் ஒன்றாகாது. லயத்துத் தட்டுக்கு அது பரவலாக வந்தது மாவு மலிந்த பிறகுதான்.

வலுவான ஆட்சேபம் வேறொன்று: பழைய பலகாரங்கள் உண்மையில் குளூட்டன் அற்றவையா? இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், முழுக்க அற்றவை என்று சொல்ல முடியாது. பன்னாட்டு உணவு நெறியான கோடெக்ஸ், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் குளூட்டன் இல்லாதது என்ற பெயரைப் போடக் கூடாது என்கிறது. முறுக்கில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்தே வருகிறது. ஒரே மாவு மில்லில் கோதுமைக்குப் பின் பயறு அரைத்தாலும் அந்த அளவு மீறக்கூடும். பாட்டிமார் இதைப் பொருட்படுத்தாமல் விட்டதற்கு ஒரு காரணம், அரிசி தின்னும் தென்னாட்டவரிடம் சீலியாக் நோய் அரிதாகவே தென்பட்டது என்பதுதான். இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வில் சீலியாக் வடக்கே நூறு பேரில் ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கும் இருப்பதாகத் தெரிந்தது. அதற்கு இடம் கொடுக்கும் மரபணுவோ இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது, உண்ணும் கோதுமையின் அளவுதான் வேறுபட்டது. மூன்று வேளையில் ஒரு வேளையாவது ரொட்டி என்று ஆகிவிட்ட மலேசியத் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தத் தெற்கத்திக் கணக்கு எவ்வளவு நாள் பொருந்தும் என்பது ஐயம்தான். ஆகவே பயற்றம் மாவு ஓட்டில் அன்னாசியையும் முந்திரியையும் வைத்து விற்க நினைப்பவர் பாட்டியின் செய்முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மாவை மட்டும் பொது மில்லுக்கு அனுப்பாமல் கோதுமை படாத தனி எந்திரத்தில் அரைத்துக்கொள்ள வேண்டும்.