கடைசல்: நம் வீடுகளில் வாழும் ஒரு கைத்தொழிலின் வரலாறு

கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பகுதிகளில் உள்ள பழைய வீடு ஒன்றுக்குள் சென்று மரப் பொருள்களை எண்ணிப் பார்ப்போம். கட்டிலின் உருண்டு திரண்ட கால்கள், தொட்டிலின் குமிழ்கள், மாடிப்படியின் கைப்பிடித் தூண்கள், மோர் கடையும் மத்து, சிறுவர்களின் பம்பரம், பாட்டியார் கையில் உருளும் தஸ்பீஹ் மணிகள் என அந்தப் பட்டியல் நீளும். பள்ளிவாசலுக்குச் சென்றால், மிம்பரின் இருபுறக் கம்பங்களிலும் அதே உருட்டு வேலையைக் காண்கிறோம். இவை யாவும் கடைசல் என்னும் ஒரே தொழிலின் பிள்ளைகள். நாள்தோறும் தொட்டுப் பழகும் பொருள்களாயினும், இவற்றைச் செய்த கைகளைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

'கடைதல்' என்னும் சொல்லே இத்தொழிலின் பழைமையைச் சொல்லிவிடுகிறது. தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல்தான். மத்தில் கயிற்றைச் சுற்றி, இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால் மத்து முன்னும் பின்னுமாகச் சுழலும். பழங்காலக் கடைசல் பட்டறையும் இதே முறையில்தான் இயங்கியது. இரண்டு முனைகளுக்கு நடுவே மரக்கட்டையைப் பொருத்தி, அதில் கயிற்றையோ தோல்வாரையோ சுற்றி ஒருவர் இழுப்பார். மற்றவர் சுழலும் கட்டையின்மீது உளியைப் பிடிப்பார். கட்டை தம் பக்கமாகச் சுழலும்போது மட்டுமே உளி வெட்டும். எதிர்ப்பக்கம் திரும்பும்போது உளியைச் சற்றே விலக்கிக்கொள்ள வேண்டும். இழுப்பவரின் மூச்சும் உளி பிடிப்பவரின் கையும் ஒன்றுபடாவிட்டால் வேலை கெட்டுவிடும்.

இம்முறையைக் காட்டும் மிகப் பழைய சித்திரம் எகிப்தில் உள்ளது. ஏறத்தாழ கி.மு. 300ஆம் ஆண்டைச் சேர்ந்த பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில், ஒருவர் வாரை இழுக்க மற்றவர் உளி பிடிக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. பின்னர் வில்லின் நாணைக் கட்டையில் சுற்றி இயக்கும் முறை பரவியது. அதில் ஒருவரே போதும். தரையில் அமர்ந்து, ஒரு கையால் வில்லை இழுத்து, மறு கையாலும் கால்விரல்களாலும் உளியை நிலைநிறுத்துவார் கைவினைஞர். இன்று மின்விசையால் கட்டை ஒரே திசையில் ஓயாமல் சுழல்கிறது. வேகம் கூடிவிட்டது. ஆயினும் எந்த இடத்தில் அழுத்துவது, எந்த இடத்தில் விடுவது என்பதை இன்றும் கையே அறிகிறது.

அரபு மொழியில் மரம் கடைபவருக்கு 'கர்ராத்' என்று பெயர். இஸ்லாமிய உலகில் இத்தொழில் அடைந்த உயரத்தைக் கெய்ரோ நகரில் காணலாம். அங்குள்ள பழைய வீடுகளின் 'மஷ்ரபிய்யா' சாளரங்கள், கடைந்தெடுத்த சிறு சிறு மரத்துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திச் செய்யப்பட்டவை. பெரிய மரங்கள் அரிதான நாடு அது. ஆகவே பிற வேலைகளில் மிஞ்சிய துண்டுகளும் இங்கே பயன்பட்டன. பலகையாக இருந்தால் வெயிலில் வெடித்துப் போகும். சிறு துண்டுகளின் இணைப்பாக இருப்பதால், மரம் சுருங்கவும் விரியவும் இடம் கிடைக்கிறது. உள்ளே காற்று வரும், வெளிச்சம் வரும், அந்நியர் பார்வை வராது. 1340ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்ட அல்மாரிதானி பள்ளிவாசலில், தொழுமிடத்தையும் முற்றத்தையும் பிரிக்கும் பெரிய மரத்தடுப்பு இவ்வேலைக்குப் புகழ்பெற்றது.

1377இல் தம் 'முகத்திமா'வை எழுதி முடித்த இப்னு கல்தூன், தச்சுத்தொழிலுக்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார். தச்சருக்கு வடிவியல் அறிவு இன்றியமையாதது என்றும், பண்டைய கிரேக்கத்தின் வடிவியல் அறிஞர்கள் தச்சுக்கலையில் தேர்ந்தவர்களாக இருந்தார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார். பேரறிஞர் ஒருவர் உளி பிடிப்பவரைக் கணித மேதையோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசியதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

இந்திய மண்ணிலும் இக்கலை முஸ்லிம் கைகளில் செழித்தது. குஜராத்தின் கச்சுப் பகுதியில், சிந்துவிலிருந்து வந்து நாடோடிகளாக வாழ்ந்த வாடா சமூகத்து முஸ்லிம்கள் இன்றும் வில் கொண்டு மரம் கடைகிறார்கள். கண்காட்சிகளில் அவர்கள் தரையில் அமர்ந்து, அகப்பையின் காம்பில் வண்ண அரக்கை அலையலையாகப் படரவிடும் காட்சியைக் காண்போர் எளிதில் மறப்பதில்லை. பெங்களூரு - மைசூரு சாலையிலுள்ள சன்னபட்டணத்தின் மரப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. பாரசீகக் கைவினைஞர்களைத் திப்பு சுல்தான் வரவழைத்து உள்ளூர் மக்களுக்கு இக்கலையைக் கற்பித்தார் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அந்தத் திப்புவின் தந்தை ஹைதர் அலிதான், 1781 ஜூலை 1 அன்று நம் பரங்கிப்பேட்டை மணற்பரப்பில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையோடு மோதியவர். போர்களைப் பள்ளிப் பாடநூல்கள் சொல்லுகின்றன. பொம்மை கடைந்தவர்களின் வரலாற்றை நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அரக்கு ஏற்றும் நுட்பம் எளியதாகத் தோன்றும். உண்மையில் அது மிகக் கடினமானது. மரம் முதலில் மாதக்கணக்கில் உலர வேண்டும். ஈரம் எஞ்சினால் கடைந்த பின் வெடிக்கும். சுழலும் பொருளின்மீது வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்மீது உலர்ந்த தாழை மடலை வைத்துத் தேய்த்தால் கண்ணாடி போன்ற பளபளப்பு வரும். தூரிகையும் தேவையில்லை, அடுப்பும் தேவையில்லை. சன்னபட்டணத்தில் இதற்குப் பயன்படும் மரம், நம் ஊர்ப் பெரியவர்கள் தோல்நோய்த் தைலம் காய்ச்ச இலை பறிக்கும் அதே வெட்பாலை மரம்தான்.

நம் மாவட்டத்துக்குச் சிறப்புத் தரும் மரம் பலா. பண்ருட்டியைப் பழத்தால் அறிந்தவர்கள் பலர்; மரத்தால் அறிந்தவர்கள் சிலரே. மிருதங்கக் கட்டைக்கும் தஞ்சாவூர் வீணைக்கும் பண்ருட்டிப் பலாமரம் பெயர்பெற்றது. பருத்த பலாமரத் துண்டைக் கடைசலில் ஏற்றி, வெளிப்புறத்தை இருபுறமும் ஒடுங்குமாறு உருட்டி, உட்புறத்தைக் குடைந்து எடுக்கிறார்கள். கட்டிலின் காலைக் கடைபவர் வெளிவடிவத்தை மட்டும் கவனித்தால் போதும். இங்கோ, கண்ணுக்குத் தெரியாத உட்சுவரின் கனத்தையும் கை அறிந்திருக்க வேண்டும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பலாமரம் முதிர்ந்து பருக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அன்று வீழ்ந்த மரங்களுக்கு ஈடாக நட்டவை பருத்த மரங்களாக நிற்பதை நம் பிள்ளைகளின் தலைமுறைதான் காணும். மரத்தை மீண்டும் நட்டுவிடலாம். கைப்பழக்கம் ஒரு தலைமுறையில் அறுந்தால், அதை எந்த நாற்றங்காலில் தேடுவது?

நம்மை உறுத்த வேண்டிய கேள்வி இதுவே. நெகிழிப் பொம்மை வந்தது, மரச் சொப்பு போயிற்று. எஃகுக் கைப்பிடி வந்தது, கடைசல் தூண் போயிற்று. இவை காலத்தின் மாற்றங்கள். இவற்றுக்காக யாரையும் குறைகூற இயலாது. ஆனால் கைத்தொழில் செய்பவரை ஒரு படி கீழே வைத்துப் பார்க்கும் வழக்கம் நம் சமுதாயத்துக்குள் எப்போது நுழைந்தது? வெளிநாட்டு வேலைக்கு விசா கிடைத்த பிள்ளையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். பட்டறையில் நிற்கும் பிள்ளைக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறோம். நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பதை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீஸ் அறிவிக்கிறது. தம் கையால் உழைத்து உண்பதே சிறந்த உணவு என்று கூறிய அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அதற்கு நபி தாவூத் (அலை) அவர்களையே எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். மஸ்ஜிதுந் நபவியின் மிம்பர்கூட, மதீனாவுக்கு அருகிலுள்ள அல்காபா என்னும் இடத்து மரத்தைக் கொண்டு ஒரு தச்சரின் கையால் செய்யப்பட்டதே. அன்சாரிப் பெண்மணி ஒருவரிடம், தச்சு வேலை அறிந்த அவருடைய பணியாளரைக் கொண்டு அதைச் செய்து தருமாறு நபி (ஸல்) அவர்களே கேட்டார்கள். உலகெங்கும் ஒவ்வொரு ஜும்ஆவிலும் இமாம்கள் ஏறி நிற்கும் மிம்பர்களுக்கெல்லாம் முன்னோடி அதுவே.

கண்காட்சிகளில் கைவினைஞர் ஒருவர் தம் தொழிலைச் செய்து காட்டும்போது நாம் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். அடுத்த முறை சற்று நிற்போம். பிள்ளையை முன்னே நிறுத்தி, உளி எப்படிப் பிடிக்கப்படுகிறது, அரக்கு எப்போது உருகுகிறது என்று கேட்கச் செய்வோம். ஒரு பம்பரத்தையாவது பேரம் பேசாமல் வாங்குவோம். மஹல்லாவில் பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது, பழைய மிம்பரின் கடைசல் கம்பங்களைக் கழித்துப் போடாமல், அவற்றைச் செப்பனிடத் தெரிந்தவரைத் தேடி அழைக்குமாறு ஜமாஅத்தாரிடம் எடுத்துச் சொல்வோம். அவருக்கு ஒரு மாதம் வேலை கிடைக்கும். அவருடைய பிள்ளைக்குத் தந்தையின் தொழில்மீது ஒரு மதிப்புப் பிறக்கும்.

நம் வீட்டுத் தொட்டிலின் குமிழைத் தடவிப் பார்ப்போம். அதில் உளி ஓடிய மெல்லிய வளையங்கள் விரலில் தட்டுப்படும். நம் முன்னோரைத் தாலாட்டிய அந்த மரத்தில், பெயர் தெரியாத ஒருவரின் ஹலாலான உழைப்பு பதிந்திருக்கிறது. அவருக்காக ஒரு துஆச் செய்வோம். அந்த உழைப்பு நம் ஊர்களில் தொடர, வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக.