அண்ணன் சேமித்து வைத்த சத்தம்: ஃபர்ம்வேர் அப்டேட்டும் பழைய டோன்களும்

போன மாசியில் அரியலூர் பக்கம் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரி. எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் கிடார். இரண்டாவது பாட்டு முடிந்ததும் கீபோர்டு வாசிப்பவர் குனிந்து கேட்டார்: "என்னப்பா, கிடார் இன்னிக்கு ஒரு மாதிரி சீறுது?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. முந்தின நாள் ராத்திரி பெடலுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் போட்டிருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாக் கம்பெனிக்கும் பொருந்துகிற கதை இது. எங்கள் குழுவில் எனக்கு முன்னால் வாசித்த அண்ணன் பல வருஷம் உட்கார்ந்து உருவாக்கிய டோன்கள் அதில் இருந்தன. பெயர்கள் அப்படியே இருந்தன, எண்களும் அப்படியே இருந்தன. சத்தம் மட்டும் வேறு.

இது எப்படி நடக்கிறது என்று தேடிப் படித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். 'பிரீசெட்' என்று நாம் சேமிப்பது சத்தத்தை அல்ல. சத்தம் உண்டாக்கும் குறிப்பை. கெயின் 6, பாஸ் 4, இன்ன ஆம்ப், இன்ன கேபினட் என்று ஒரு பட்டியல். அதைப் படித்துச் சத்தமாக்குவது ஃபர்ம்வேர். சமையல் குறிப்பில் 'இரண்டு கரண்டி' என்று எழுதியிருக்கும். வீட்டில் கரண்டியை மாற்றிவிட்டால் குழம்பு மாறிவிடும், குறிப்பில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது.

இந்தச் சிக்கல் கிடார் மாடலருக்கு முன்பே உண்டு. 1983இல் யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு வந்தது. உள்ளே 32 ஒலிகளைச் சேமிக்கலாம். ஒவ்வொன்றும் 128 பைட், மொத்தம் 4096 பைட்தான். அதையும் ஒரு சின்ன பேட்டரிதான் காத்துக்கொண்டிருந்தது. பேட்டரி போனால் 32ம் போச்சு. இங்கே இளையராஜா இசையில் 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' கணினி கொண்டு செய்த இசைக்காகப் பேசப்பட்ட காலம் அது. 1987இல் டிஎக்ஸ்7 இரண்டாம் பதிப்பு வந்தது. பழைய ஒலிகளை அதில் ஏற்றலாம். ஆனால் எண்ணைச் சத்தமாக்கும் பகுதி 12 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு மாறியிருந்தது. சத்தம் சுத்தமாக வந்தது. அந்தப் பழைய கரகரப்பே வேண்டும் என்று முதல் டிஎக்ஸ்7ஐ விடாமல் வைத்துக்கொண்டவர்கள் உண்டு.

கிடார் பக்கம் வருவோம். லைன் 6 கம்பெனியின் 'பாட்' 1998இல் வந்தது. சிவப்பாக, மொச்சைக்கொட்டை மாதிரி இருக்கும். 36 டோன்களைச் சேமிக்கலாம். அதன் ஃபர்ம்வேர் ஒரு சிப்பில் இருந்தது. புதிய பதிப்பு வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்து சிப்பையே மாற்ற வேண்டும். அதனால் அப்டேட் என்பது யோசித்துச் செய்கிற காரியமாக இருந்தது. பழைய சிப்பும் கையில் இருக்கும், பிடிக்கவில்லை என்றால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். யுஎஸ்பி வயர் வந்த பிறகு பத்து நிமிஷ வேலை ஆகிவிட்டது. திரும்பிப் போவதுதான் கடினமாகிவிட்டது. புதிய பதிப்பில் சேமித்த டோனைப் பழைய பதிப்பு பெரும்பாலும் திறக்காது.

2006இல் ஃப்ராக்டல் கம்பெனியின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் வந்தது. பெட்டியை விற்ற பிறகும் அதில் உள்ள ஆம்ப் கணக்குகளைத் திருத்திக்கொண்டே போகும் வழக்கம் அதில் வேரூன்றியது. கணக்கு உண்மையான ஆம்புக்கு இன்னும் நெருங்கும், வாஸ்தவம். ஆனால் பழைய கணக்கை நம்பிக் காதால் வைத்த எண்கள் புதிய கணக்கில் வேறு அர்த்தம் கொள்ளும். புதிதாக ஒரு குமிழ் சேர்த்தால், பழைய பிரீசெட்டில் அதற்கு மதிப்பே இருக்காது. பெட்டி தானாக ஒன்றை நிரப்பிக்கொள்ளும்.

இன்னொரு வழியும் உண்டு. லைன் 6 ஹீலிக்ஸுக்கு 2022 நவம்பரில் வந்த 3.50 பதிப்பில் கேபினட் பகுதியைப் புதிதாகச் செய்தார்கள். பழைய கேபினட்டுகளைத் தூக்கி எறியவில்லை. 'பழையவை' என்று தனியாக ஒதுக்கி அப்படியே வைத்தார்கள்.

இதைப் படிக்கும்போது எங்கள் ஊர்தான் நினைவுக்கு வந்தது. 1995 வரை நாங்கள் திருச்சி மாவட்டம். அப்புறம் பெரம்பலூர். 2001இல் அரியலூர். 2002இல் மறுபடி பெரம்பலூர். 2007இல் மறுபடி அரியலூர். வீடு ஓர் அடி நகரவில்லை. என் தாத்தா பத்திரத்தில் இன்னும் 'திருச்சிராப்பள்ளி ஜில்லா' என்றுதான் இருக்கிறது. யாரும் அதை அடித்துத் திருத்தவில்லை. எந்த வருஷத்துப் பத்திரம் என்று பார்த்தால் எந்த ஜில்லா என்பது புரிந்துவிடும். தேதி இருப்பதால்தான் அந்தக் காகிதம் இன்றும் செல்லுகிறது.

நம் டோன்களில் அந்தத் தேதி இல்லை. அதுதான் குறை என்று நினைக்கிறேன். எந்தப் பதிப்பில் காதால் கேட்டு வைத்தது என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

கச்சேரி முடிந்த வாரம் பெரம்பலூருக்கு அண்ணனைப் பார்க்கப் போனேன். காது மந்தமானதால்தான் அவர் வாசிப்பதை விட்டார். விஷயத்தைச் சத்தமாகச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நம்பர் பாத்து வைக்கலடா தம்பி. காதால வச்சது. அந்தக் காதே இப்ப இல்லியே" என்றார்.

அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் வீட்டில் ஒரு பழைய கல்யாணக் கச்சேரியின் மிக்ஸர் ஒலிப்பதிவு இருந்தது. அதை வாங்கி வந்து, ஒப்பிட்டு ஒப்பிட்டு நாலு டோன்களை ஓரளவு மீட்டிருக்கிறேன். ஓரளவுதான். மீதி போனது போனதுதான்.

இப்போது நான் செய்வது இவ்வளவு. அப்டேட்டுக்கு முன் முழு பேக்கப். கூடவே அப்போதைய பதிப்பு எண்ணும், கிடைத்தால் அந்த ஃபர்ம்வேர் கோப்பும். எஃபெக்ட் எதுவும் இல்லாமல் வெறும் கிடாரை ஒரு நிமிஷம் பதிந்து, அதே பதிவை அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் பெடல் வழியாக அனுப்பிக் கேட்பது. வாசிக்கும் கை மாறாததால் வித்தியாசம் பெட்டியுடையதா என்று தெரிந்துவிடும். கடைசியாக, ஒவ்வொரு டோனையும் சத்தமாகவே ஒரு முறை பதிந்து வைப்பது. குறிப்பு தொலைந்தாலும் குழம்பின் ருசி நினைவில் இருந்தால் மறுபடி வைத்துவிடலாம்.

கச்சேரிக்கு முந்தின ராத்திரி அப்டேட் போடாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.