கப்பலேறிய கணக்குப்பிள்ளையின் யுத்தம்

1953 அக்டோபர் 1 வரை எங்கள் காணிப்பாக்கமும் சென்னை மாகாணம்தான். 1942 ஏப்ரல் 6-ஆம் தேதி அதே மாகாணத்து விசாகப்பட்டினத்தில் ஜப்பானிய குண்டு விழுந்தது. "பட்டணத்துச் சனம் மூட்டையைக் கட்டிக்கிட்டு இந்தப் பக்கமெல்லாம் வந்துச்சுப்பா" என்பார் என் பாட்டி. எங்களுக்கு யுத்தம் அவ்வளவோடு சரி. ஜப்பானியர் ஆட்சிக்குள்ளேயே வாழ்ந்த தமிழரின் கதை வேறு. அதை எழுதியவர் சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த ப.சிங்காரம்.

யுத்தம் முடிந்த பின் அதைப் பற்றிய கதை என்றதும் படித்தவர்கள் ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் போலைச் சொல்வார்கள். 1949-இல் வந்த அவருடைய குறுநாவலில், 1943-இல் ஒரு சிப்பாய் ரயிலேறுகிறான். போர்முனை சேருமுன்னே சாவோம் என்று அவனுக்குத் தெரியும். போல் ஹிட்லரின் படையில் இருந்தவர். சிங்காரமோ 1938-இல் மேடானுக்குக் கப்பலேறி, கடையில் வேலை பார்த்தவர். அதனால்தானோ என்னவோ, அவர் 'கடலுக்கு அப்பால்' நாவலில் சர்வாதிகாரத்தைக் கடை வழியாகவே பார்க்கிறார்.

நாவலின் களம் பினாங்கு. வட்டிக்கடைப் பையன் செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி ஏந்துகிறான். யுத்தம் முடிந்து பழைய கடைக்கே திரும்புகிறான். துப்பாக்கி பிடித்தவன் தொழிலுக்கு லாயக்கில்லை என்று முதலாளி மகளைக் கொடுக்க மறுக்கிறார். முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். எனக்கு நாவலில் பிடித்ததே இதுதான்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஜப்பானியர் வாழைமரப் படம் போட்டு பத்து டாலர் நோட்டு அடித்தார்கள். சனங்கள் அதை 'வாழைநோட்டு' என்றார்கள். நோட்டு அச்சடிக்க அச்சடிக்க அதன் மதிப்பு சரிந்தது. நல்ல பணத்தில் வாங்கிய பழைய கடனை இந்தக் காகிதத்தில் தீர்த்தவர்கள் பலர். வாங்க மாட்டேன் என்று ராணுவ ஆட்சியிடம் எந்தச் செட்டியார் சொல்ல முடியும்? 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் நோட்டு செல்லாமலே போனது. தீர்ந்த கடன் தீர்ந்ததா இல்லையா என்ற வழக்குகளுக்காக 1948-இல் மலாயாவில் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. செல்லையாவின் முதலாளி பேரேட்டைப் புரட்டும்போது இதெல்லாம் நினைவிருந்தால் கதை இன்னும் கனக்கும்.

சிங்காரம் 1946-இல் ஊர் திரும்பினார். மதுரை தினத்தந்தியில் 40 ஆண்டுகள் வேலை பார்த்தார். முதல் நாவல் 1959-இலும், மேடானையும் பினாங்கையும் இன்னும் விரிவாகச் சொல்லும் 'புயலிலே ஒரு தோணி' 1972-இலும் புத்தகமாயின. போலுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே 1972-இல்தான்.